கைப்பழக்கமே மரபு: தொண்டர்கள் காத்த நீராவி ரயில்கள் பற்றிய ஓர் ஆய்வு

ஓடிய காலம் முடிந்து கழிக்கப்பட்ட எஞ்சின்களையும் பெட்டிகளையும் சிக்னல் கருவிகளையும், அவை ஓடிய பாதைகளையும், கூலி பெறாத தொண்டர்கள் கூடி மீட்டுப் பழுது நீக்கி மறுபடியும் ஓட வைக்கும் வழக்கம், இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிரிட்டனில் தொடங்கி இன்று பல நாடுகளில் ஒரு துறையாகவே வளர்ந்து நிற்கிறது. போக்குவரத்துத் தேவைக்காக இல்லாமல், பழைய முறையைக் காக்கும் பொருட்டே இயக்கப்படும் இத்தகைய தடம் 'மரபு ரயில்பாதை' எனப்படும். அருங்காட்சியகம் ஓர் எஞ்சினைக் கூரையின் கீழ் நிறுத்தி, வண்ணம் பூசி, தொடக்கூடாது என்று பலகை வைத்துக் காக்கிறது; மரபு ரயில்பாதையோ அதே எஞ்சினில் தீ மூட்டி, தேய்மானத்துக்கு உட்படுத்தியே அதைக் காக்கிறது. இந்த இரண்டாவது முறையில் காக்கப்படுவது இரும்பா, இரும்பின் தோற்றமா, அதைச் செய்யவும் செப்பனிடவும் ஓட்டவும் தெரிந்த கைகளின் பழக்கமா என்ற கேள்வி இத்துறையினரிடையே தொடக்கம் முதலே இருந்துவருகிறது. எழுபது ஆண்டுக்கால வரலாற்றை நிதானமாகப் பார்த்தால், மூன்றாவதே சரியான விடை என்று சொல்ல இடமிருக்கிறது.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள டவின் என்னும் சிற்றூரிலிருந்து மலைக்குள் சென்ற தாலிலின் ரயில்பாதை, கூரை வேயப் பயன்படும் பலகைக்கல்லைச் சுரங்கத்திலிருந்து இறக்குவதற்காக 1860களில் போடப்பட்டது. அதன் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 2 அடி 3 அங்குலம் மட்டுமே. சுரங்கம் 1946இல் மூடப்பட்ட பிறகும், அதன் உரிமையாளரும் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினருமான சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ், தாம் இருக்கும்வரை வண்டி ஓடும் என்று கைப்பணத்தைப் போட்டு அதை நடத்திவந்தார். 1948இல் பிரிட்டனின் ரயில்கள் அரசுடைமையானபோது இந்தச் சிறு பாதை கணக்கில் வராமல் விடுபட்டுப் போனது, அதன் பிற்கால வரலாற்றுக்கு நல்வாய்ப்பாயிற்று. 1950 ஜூலையில் அவர் மறைந்தார். அதே ஆண்டு அக்டோபரில் டாம் ரோல்ட் என்னும் எழுத்தாளரின் முயற்சியால் பர்மிங்காமில் ஒரு கூட்டம் கூடி, உலகின் முதல் ரயில்பாதைப் பாதுகாப்புச் சங்கத்துக்கு வழிவகுத்தது. கைவிடப்பட்ட கால்வாய்களை மீட்கும் இயக்கத்தில் ரோல்ட் முன்பே முன்னின்றவர். ஆகவே ஆள் திரட்டுவதும் அதிகாரிகளோடு வாதாடுவதும் அவருக்குப் புதியவை அல்ல.

1951 மே 14 அன்று சங்கத்தின் முதல் வண்டி புறப்பட்டபோது ஓடும் நிலையில் இருந்தது 1866இல் செய்யப்பட்ட டோல்கோக் என்ற ஒரே எஞ்சின்தான். ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போய், தண்டவாளங்கள் தம் இடத்தில் நிற்பதற்கு அவற்றைச் சூழ்ந்து அடர்ந்திருந்த புல்வேர்களே துணை என்று சொல்லத்தக்க நிலையில் பாதை கிடந்தது. அதே அகலமுள்ள காரிஸ் என்ற அண்டைப் பாதை 1948இல் மூடப்பட்டிருந்ததால், அங்கே துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்த இரண்டு எஞ்சின்களைச் சங்கம் மலிவாக வாங்கியது. அவற்றுள் ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது அது தண்டவாளங்களுக்கு நடுவே இறங்கிவிட்டது. சக்கரத்தின் மிதிபரப்பு, அதாவது தண்டவாளத்தின்மேல் உருளும் பகுதி, குறுகலாக இருந்ததும், பாதையின் அகலம் உரிய அளவைவிட விரிந்துபோயிருந்ததும் அப்போதுதான் வெளிப்பட்டன. எஞ்சினை மீட்பது என்றால் பாதையை மீட்பது, பாதையை மீட்பது என்றால் கட்டை மாற்றவும் கல் கொட்டவும் மழையில் நின்று மண்வெட்டி பிடிக்கவும் ஆள் சேர்ப்பது என்ற பாடத்தைத் தொண்டர்கள் முதல் ஆண்டிலேயே கற்றுக்கொண்டனர். தாமஸ் என்னும் எஞ்சினைக் குழந்தைகளுக்கு அறிமுகப்படுத்திய பாதிரியார் ஆட்ரியும் அந்த ஆரம்பகாலத் தொண்டர்களுள் ஒருவர்.

தாலிலின் ஒரு தனி முயற்சியாக நின்றுவிடாமல் இயக்கமாகப் பரவியதற்குக் காரணம் பிரிட்டிஷ் ரயில்வேயின் அவசரமே எனலாம். அரசுடைமையான நாளில் ஏறத்தாழ 20,000 நீராவி எஞ்சின்கள் இருந்தன. 1955இன் நவீனமயத் திட்டம் அவற்றுக்கு மாற்றாக டீசலையும் மின்சாரத்தையும் முன்வைத்தது. 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடச் சொன்னது. 1968 ஆகஸ்டில் பெரும்பாதைகளில் நீராவி முற்றாக முடிந்தது. இருபதே ஆண்டுகளில் ஒரு தொழில்நுட்பம் முழுவதும் ஒரு நாட்டின் கண்முன்னால் கழிக்கப்பட்டது, அதுவும் அதை இயக்கிய டிரைவர்களும் ஃபிட்டர்களும் நல்ல உடல்வலுவோடு இருந்த காலத்திலேயே கழிக்கப்பட்டது என்பது இங்கே முக்கியமானது. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார்கள், கற்க வந்தவர்களும் இருந்தார்கள், பழைய இரும்பு எடைவிலைக்குக் கிடைத்தது. இந்த மூன்றும் ஒரே காலத்தில் ஒன்றுகூடின.

சட்டமும் உதவியது. இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் 1955இல் மூடப்பட்ட ஒரு பாதையைப் பற்றி அப்பகுதிவாசியான மேட்ஜ் பெஸ்ஸமர் என்ற பெண்மணி பழைய சட்டங்களைப் புரட்டிப் பார்த்து, நாள்தோறும் நான்கு வண்டிகள் ஓடியே ஆகவேண்டும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடாளுமன்றம் விதித்த கடமை இன்னும் நீக்கப்படவில்லை என்று சுட்டிக்காட்டினார். ரயில்வே நிர்வாகம் வேறு வழியின்றி 1956இல் வண்டியை மறுபடி விட்டது. அந்தக் கடமையை நாடாளுமன்றத்தின் மூலம் நீக்கிக்கொண்ட பிறகே 1958இல் மூட முடிந்தது. அப்பாதையின் ஒரு பகுதியைத்தான் தொண்டர்கள் 1960 ஆகஸ்டில் 'புளூபெல்' என்ற பெயரில் திறந்தனர். அதற்குச் சில வாரங்கள் முன்பு லீட்ஸ் நகரின் மிடில்டன் பாதையும் தொண்டர் கைக்கு வந்திருந்தது. இவை போன்ற பல பாதைகளுக்கு உரிமம் தந்தது 1896ஆம் ஆண்டின் இலகு ரயில்பாதைச் சட்டம். கிராமப்புறங்களில் சிக்கனமாகப் பாதை போடுவதற்கென்று இயற்றப்பட்ட அச்சட்டம், வேகத்தை மணிக்கு 25 மைலுக்குள் நிறுத்தி, அதற்கு ஈடாக மற்ற விதிகளைத் தளர்த்தியது. மரபு ரயில்கள் இன்றும் மெதுவாகவே ஊர்வதன் காரணம் அழகுணர்ச்சி என்று பயணிகள் எண்ணிக்கொள்வதுண்டு, அது சட்டம்.

எஞ்சின்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்குப் பெரும்பகுதி விடை தெற்கு வேல்ஸின் பாரி துறைமுகத்திலிருந்த ஒரு பழைய இரும்புக் கடையில் இருக்கிறது. டாய் வுட்ஹாம் என்ற வணிகர் உடைப்பதற்காக 297 நீராவி எஞ்சின்களை வாங்கிச் சேர்த்தார். ஆனால் சரக்கு வாகன்களை உடைப்பது எளிது, கைக்காசும் உடனே வரும் என்பதால் அவற்றை முதலில் எடுத்துக்கொண்டு, எஞ்சின்களை வேலை குறையும் காலத்துக்கென்று வரிசையாக நிறுத்திவிட்டார். கடற்காற்றில் துருவேறி நின்ற அந்த வரிசையிலிருந்து 1968இல் தொடங்கி 1990 வரை, சங்கங்களும் நண்பர் குழுக்களும் தவணைமுறையிலும் நன்கொடையிலும் பணம் திரட்டி 213 எஞ்சின்களை மீட்டுச் சென்றனர். பிரிட்டனின் மரபு ரயில்பாதைகளில் இன்று ஓடும் எஞ்சின்களில் பெரும் பங்கு அந்த வணிகரின் தள்ளிப்போடும் பழக்கத்துக்குக் கடன்பட்டிருக்கிறது.

மீட்பு என்ற சொல் கேட்பதற்கு எளிது. நீராவி எஞ்சினின் உயிர்நிலை கொதிகலன். அதன் பின்பகுதியில் கரி எரியும் ஃபயர்பாக்ஸ் என்னும் எரியறை இருக்கிறது; பிரிட்டிஷ் வழக்கப்படி உட்சுவர் செம்பாலும் வெளிச்சுவர் எஃகாலும் ஆனது; இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு இடைவெளியில் நீர் நிற்கும். உள்ளே நெருப்பும், சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டுக்கு மேற்பட்ட அழுத்தமுமாக, ஒன்றையொன்று விட்டுப் பிரியத் துடிக்கும் அவ்விரு சுவர்களையும் இறுகப் பிடித்து நிறுத்துபவை 'ஸ்டே' எனப்படும் திருகாணிகள். பெரிய எஞ்சினில் இவை ஆயிரத்தைத் தாண்டும். இவற்றுள் ஏதேனும் உள்ளுக்குள் முறிந்திருக்கிறதா என்று அறிய, அனுபவசாலி சிறு சுத்தியலால் ஒவ்வொன்றின் தலையிலும் தட்டிக்கொண்டே போவார். நல்ல ஸ்டே கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மொத்தென்று விழும். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் எழுதலாம். ஆனால் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் காது போல, பல நூறு தட்டுகளுக்குப் பிறகே அது ஒருவருக்குப் பிடிபடும்.

கொதிகலனின் உட்கூரை, அதாவது எரியறையின் மேல்தகடு, எப்போதும் நீரால் மூடப்பட்டிருக்க வேண்டும். நீர் குறைந்தால் தகடு பழுத்து இளகி, நீராவி அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். இதைத் தடுக்கவே அத்தகட்டில் ஈயம் நிரப்பிய ஒரு பித்தளைத் திருகு பொருத்தப்படுகிறது. நீர் இறங்கியவுடன் ஈயம் உருகி, நீராவி நெருப்பின்மேல் பீறிட்டு ஓட்டுநரை எச்சரிக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் அருகே 1995 ஜூனில் ஒரு சுற்றுலா நீராவி எஞ்சினின் மேல்தகடு நீர்க்குறைவால் கிழிந்து மூன்று பணியாளர்கள் தீக்காயமுற்றனர். அந்நாட்டு விதிகள் அதன்பின் திருத்தி எழுதப்பட்டன: 1,472 ஓட்ட நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், இவற்றுள் எது முன்னே வருகிறதோ அதற்குள், கொதிகலனைப் பிரித்து முழுச் சோதனை செய்தாக வேண்டும். பிரிட்டனில் பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்பது பொது வழக்கம். காப்பீட்டு நிறுவனத்தின் பரிசோதகர் கையொப்பமிடாத கொதிகலனில் தீக்குச்சி கிழிக்கக்கூடாது. தொண்டு என்பதால் விதி தளர்வதில்லை, கொதிநீருக்குக் கூலிக்காரர் யார், தொண்டர் யார் என்று தெரியாதல்லவா!

பத்தாண்டுச் சோதனை வந்துவிட்டால் எஞ்சின் முழுவதுமே அக்கக்காகப் பிரிக்கப்படுகிறது. புகைக்குழாய்கள் அறுத்தெடுக்கப்பட்டுப் புதியவை செருகி விரிக்கப்படும். அச்சுத் தண்டைத் தாங்கும் தாங்கிகளில் வெள்ளீயம் மிகுந்த 'வெள்ளை உலோகம்' உருக்கி ஊற்றப்பட்டு, தண்டின்மேல் மெல்லிய நீலச் சாயம் தடவி, தாங்கியை அதன்மேல் வைத்து அசைத்து எடுத்துப் பார்ப்பார்கள். எங்கெங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கெல்லாம் மேடு என்று பொருள். அம்மேட்டைச் சுரண்டியால் முடியளவு செதுக்கி, மறுபடி சாயம் தடவி, மறுபடி வைத்து, நீலம் பரப்பு முழுதும் சமமாகப் படியும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். ஒரு தாங்கிக்கே ஒரு வார இறுதி போய்விடும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் வங்கி எழுத்தரும் மருத்துவரும் இதைச் செய்கிறார்கள் என்றால், அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பழைய பணிமனை ஃபிட்டர் ஒருவர் எங்கோ இருந்திருக்கிறார். ஓட்டும் பணியிலும் அதே படிக்கட்டுதான்: விடியுமுன் வந்து சாம்பல் அள்ளித் துடைக்கும் கிளீனர், பிறகு கரி போடும் ஃபயர்மேன், பல ஆண்டுகளுக்குப் பின் தேர்வு எழுதி டிரைவர். சிறிய எஞ்சினுக்கே தீ மூட்டி ஆவி ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். பெரியதை முந்தைய நாளே இளஞ்சூட்டில் வைப்பது வழக்கம், ஏனெனில் செம்பும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிவதால் அவசரச் சூடு கொதிகலனைப் பிளக்கும்.

இவ்வளவு மாற்றிய பிறகு அது பழைய எஞ்சின்தானா? பாதுகாப்பியலாளர்கள் இதைக் கடுமையாகவே கேட்கிறார்கள். ஒரு பொருளின் மூல உலோகமே வரலாற்றுச் சான்று, அதில் பதிந்த சுத்தியல் தடமும் பழைய வண்ணப் படலமும் போய்விட்டால் மீதமிருப்பது நல்ல போலி என்பது அவர்கள் வாதம். இதில் நியாயம் இருக்கிறது. மீட்பு ஆர்வத்தில் அரிய மூலப் பாகங்கள் குப்பைக்குப் போன கதைகள் உண்டு. ஆயினும் நீராவி எஞ்சினைப் பொறுத்தவரை இந்த வாதம் ஓரளவே செல்லும். ரயில்வே பணிமனைகளில் கொதிகலனைப் பழுதுபார்க்க மற்ற பாகங்களைவிடக் கூடுதல் காலம் பிடித்ததால், வேலைக்கு வந்த எஞ்சினில் வேறொன்றின் செப்பனிட்ட கொதிகலனை ஏற்றி அனுப்புவதே அன்றாட நடைமுறையாக இருந்தது. 1923இல் டான்காஸ்டரில் கட்டப்பட்டு உலகப் புகழ்பெற்ற 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' தன் பணிக்காலத்திலேயே பல கொதிகலன்களை மாற்றிக்கொண்டது. 1963இல் ஆலன் பெக்லர் 3,000 பவுண்டுக்கு வாங்கிய அதே எஞ்சினைப் பிரிட்டனின் தேசிய ரயில் அருங்காட்சியகம் 2004இல் 23 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, பின்னர் அதைவிடக் கூடுதலாகச் செலவிட்டு 2016இல் ஓடவிட்டது. மூலம் எது என்று தேடினால் அதன் வாழ்வில் எந்த நாளிலும் முழு மூலம் கிடைக்காது.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிக்கல் புரியாத ஒன்றல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்று வைத்து, சுதை உதிர்ந்த கோபுரத்தைப் புதுப்பித்து, தேரின் மக்கிய மரத்தை எடுத்துவிட்டுப் புது மரம் சேர்க்கும் ஊரில், அது பழைய தேர்தானா என்று யாரும் வழக்காடுவதில்லை. தச்சரும் ஸ்தபதியும் தொடர்ந்திருப்பதே தேர் தொடர்ந்திருப்பதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. அதே வேளையில் திருப்பணி என்ற பெயரில் பழங்கல்வெட்டின்மேல் மணல்வீச்சு அடித்தும் சுண்ணாம்பு பூசியும் அழித்ததும் இதே ஊர்தான் என்பதால், பாதுகாப்பியலாளரின் எச்சரிக்கையையும் ஒதுக்கிவிட முடியாது.

கைப்பழக்கத்தைக் காப்பது புதிய அறிவையும் தரும் என்பதற்கு 'டியூக் ஆஃப் குளோஸ்டர்' என்ற எஞ்சின் தெளிவான எடுத்துக்காட்டு. 1954இல் ஒன்றே ஒன்றாகக் கட்டப்பட்ட அது கரியை விழுங்குகிறது, ஆவி போதவில்லை என்ற கெட்ட பெயருடன் எட்டே ஆண்டில் ஓய்வுபெற்றது. சிலிண்டர்கள் கழற்றப்பட்டு வெறும் கூடாக பாரியில் கிடந்ததை 1974இல் தொண்டர்கள் எடுத்துவந்து, இல்லாத பாகங்களைப் புதிதாக வார்த்து 1986இல் ஓடவிட்டனர். அந்த உழைப்பின் நடுவே, எரியறைக்குக் கீழிருந்து காற்றை உள்ளே விடும் திறப்புகள் மூல வரைபடத்தில் குறித்த அளவைவிடச் சிறிதாகச் செய்யப்பட்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். திறப்பைச் சரியான அளவுக்குக் கொணர்ந்து, புகைபோக்கி அமைப்பையும் மேம்படுத்தியபின், அதே எஞ்சின் மலையேற்றத்தில் பேர்பெற்றது. வடிவமைத்தவர்மேல் சுமத்தப்பட்ட பழி பணிமனையின் அளவுப் பிழையால் வந்தது என்று நிறுவக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்திய எஞ்சினால் முடிந்திராது.

இதன் அடுத்த படியாக, இல்லாமலே போன எஞ்சினைப் புதிதாகக் கட்டுவதும் நடந்தது. பெப்பர்கார்ன் ஏ1 என்னும் வகையில் 1948–49இல் கட்டப்பட்ட 49 எஞ்சின்களும் 1966க்குள் உடைக்கப்பட்டுவிட்டன. 1990இல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை, வாரத்துக்கு ஒரு கோப்பை பீரின் விலை என்ற கணக்கில் பலரிடம் மாதச் சந்தா பெற்று, ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு செலவில் 2008இல் 'டொர்னாடோ' என்ற ஐம்பதாவது எஞ்சினை டார்லிங்டனில் முடித்தது. அத்தனை பெரிய கொதிகலனைச் செய்யும் பட்டறை பிரிட்டனில் இல்லாமற்போனதால் அது ஜெர்மனியின் மைனிங்கன் நகரில் செய்யப்பட்டது. உலகுக்கு நீராவி ரயிலைக் கொடுத்த நாட்டில் ஒரு கொதிகலன் செய்ய ஆளில்லை என்ற அந்தச் செய்தி, இரும்பைவிடக் கைப்பழக்கம் எவ்வளவு சீக்கிரம் அழியும் என்பதற்குச் சான்று. டொர்னாடோ 2017 ஏப்ரலில் ஒரு சோதனை ஓட்டத்தில் மணிக்கு 100 மைல் வேகத்தைத் தொட்டது.

வெற்றிக் கதைகளுக்கு நடுவே ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். பணமும் கைகளும் பெரும்பாலும் பளபளக்கும் எஞ்சின்களையே நாடுகின்றன. மரத்தாலான பயணிப் பெட்டிகளும், கரியும் மீனும் பாலும் சுமந்த சரக்கு வாகன்களும், நாட்டின் பொருளாதாரத்தை உண்மையில் தாங்கியவை என்றாலும், பல இடங்களில் தார்ப்பாயின் கீழ் மழையில் உளுத்துக் கிடக்கின்றன. ஓட்டுநராக ஆசைப்படுவோர் பலர். பெட்டியின் சன்னல் சட்டத்தை இழைக்க வருவோர் சிலர்.

பிரிட்டனின் மரபு ரயில்பாதைகளில் சுமார் 22,000 தொண்டர்கள் உழைப்பதாகக் கணக்கு. ஊதியம் பெறுவோர் அதில் சிறு பங்கே. தொண்டர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வுக்குப் பின் வந்தவர்கள் என்பதால் அடுத்த தலைமுறை பற்றிய கவலை அங்கே நாள்தோறும் பேசப்படுகிறது. இதில் ஒரு விசித்திரம், பிள்ளைகளை ஆலைக் கொடுமையிலிருந்து காக்க 1920இல் இயற்றப்பட்ட சட்டம், ரயில்பாதையையும் தொழிலிடமாகக் கருதுவதால், பள்ளிப் பருவம் முடியாத சிறாரைத் தொண்டாகக்கூட அங்கே வேலை செய்ய விடக்கூடாது என்று பொருள்படுவதுதான். அதைத் திருத்தக் கோரிப் பிரபுக்கள் அவையில் தனிநபர் மசோதா கொண்டுவரப்பட்டது. ஆசை வேர்விடும் பன்னிரண்டு வயதில் வாசலில் நிறுத்திவிட்டு, அறுபதில் வரவேற்கும் ஏற்பாடு நெடுநாள் நிற்காது.

எரிபொருளும் நெருக்குகிறது. ரயில்கள் விரும்பிய வேல்ஸ் நிலக்கரியைத் தந்துகொண்டிருந்த மெர்தர் டிட்வில் அருகிலுள்ள திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டது. 1804 பிப்ரவரியில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் நீராவி எஞ்சின் உலகிலேயே முதன்முறையாகத் தண்டவாளத்தில் பாரம் இழுத்ததும் அதே மெர்தர் டிட்வில்லில்தான். இப்போது தொலைநாட்டுக் கரி கப்பலில் வருகிறது. ஆலிவ் கொட்டைத் தூளைக் கரியோடு கலந்து அழுத்திய கட்டிகளும் சோதிக்கப்படுகின்றன. அவை வேறு விதமாக எரிவதால் ஃபயர்மேன்கள் தீப்போடும் முறையைப் புதிதாகப் பழகவேண்டியிருக்கிறது.

ஐரோப்பியக் கண்டத்தில் தமிழருக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைப்பாதை. அடிவாரச் சுரங்கவழி 1982இல் திறக்கப்பட்டதும் கணவாய் வழியே ஏறிய பழைய பாதை கைவிடப்பட்டது. தொண்டர்கள் திரண்டு 1992 முதல் 2010 வரை பகுதி பகுதியாக அதைத் திறந்தார்கள். அப்பாதையில் ஓடிய எஞ்சின்கள் சில 1947இல் வியட்நாமின் தா லாத் மலைப்பாதைக்கு விற்கப்பட்டிருந்தன. போரில் அந்தப் பாதை அழிந்தபின் காட்டுக்கருகே துருப்பிடித்து நின்றவற்றை 1990இல் கப்பலேற்றித் தாயகம் கொண்டுவந்தனர். பனிச்சரிவு அடித்துச் செல்லாதிருக்க, அங்குள்ள ஸ்டெஃபன்பாக் பாலத்தை ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மடக்கிக் கரைகளில் ஒதுக்கி, கோடையின் தொடக்கத்தில் மறுபடி விரித்துப் பூட்டுகிறார்கள். அந்த எஞ்சின்களைச் செய்தது விண்டர்தூர் நகர ஆலை. அவை ஏறியது ஆப்ட் பல்சட்ட முறையில். தண்டவாளங்களின் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம் பதித்து, எஞ்சினின் பல்சக்கரம் அதைப் பற்றி ஏறும் முறை அது. மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே ஓடும் எக்ஸ் வகை எஞ்சினும் அதே ஆலையின் படைப்பு, அதே பல்சட்டம். முதலில் சக்கரங்களை உந்திய நீராவியே பின்னர் பல்சக்கரத்தையும் சுழற்றும் சிக்கன ஏற்பாடும் இரண்டுக்கும் பொது.

நீலகிரிப் பாதை குன்னூர் வரை 1899இலும் உதகமண்டலம் வரை 1908இலும் திறக்கப்பட்டு, 46 கிலோமீட்டர் நீளத்துடன், 2005இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதைக் காத்தது தொண்டர் சங்கம் அன்று. இந்திய ரயில்வேயின் சம்பளப் பட்டியலில் உள்ள ஃபிட்டர்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் இப்பாதைக்குப் புதிய எக்ஸ் வகை எஞ்சின்களையே கட்டிக்கொடுத்தது. பிரிட்டனில் பதினெட்டு ஆண்டுச் சந்தாவும் வெளிநாட்டுக் கொதிகலனும் தேவைப்பட்ட செயலுக்கு இணையானதைக் காவிரிக்கரைத் தொழிலாளர் அலுவல் நேரத்தில் செய்தனர் என்பது தமிழிலேயே போதிய அளவு எழுதப்படவில்லை. 1855இல் செய்யப்பட்ட 'ஃபேரி குயீன்' எஞ்சினுக்கு உயிர் கொடுத்ததும், அதே ஆண்டுப் படைப்பான இ.ஐ.ஆர். 21 எஞ்சினை 2010இல் மீட்டதும் சென்னைப் பெரம்பூரின் கைகளே. பின்னது எழும்பூருக்கும் கோடம்பாக்கத்துக்கும் இடையே சிறப்பு ஓட்டங்களில் சென்றிருக்கிறது.

ஆர்வலர்கள் இந்தியாவில் இல்லாமலில்லை. 1977இல் டெல்லியில் திறந்த தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்கே மைக் சாடோ என்ற ஆங்கிலேய ஆர்வலரின் உழைப்பு அடித்தளமிட்டது. பாதையும் பணிமனையும் எஞ்சினும் ஒரே அரசுத் துறையின் உடைமையாக இருப்பதால், மனு எழுதுவதும் படமெடுப்பதும் ஆவணம் சேர்ப்பதுமே அவர்களுக்கு விடப்பட்ட பணி. சுத்தியல் பிடிக்க வாசல் இல்லை. பாதுகாப்பு கருதி அது நியாயமென்று தோன்றலாம். ஆனால் இதன் விளைவு கவனிக்கத்தக்கது: பிரிட்டனில் ஒருவரின் ரயில் வாழ்க்கை பெரும்பாலும் ஓய்வுக்குப் பின் தொடங்குகிறது, இங்கேயோ எஞ்சின் கட்டிய கை 60 வயது நிறையும் மாதக் கடைசியில் மாலை அணிந்து வெளியேறிவிடுகிறது. ஸ்டே ஒலியைக் கேட்டறியும் காதும், நீலச் சாயத்தைப் பார்த்துச் சுரண்டும் விரலும் அன்றே பணிமனையை விட்டுப் போய்விடுகின்றன.

ஓய்வுபெற்ற ஃபிட்டர்களும் டிரைவர்களும் விரும்பினால் வாரத்தில் இரு நாள், உரிய காப்பீட்டுடனும் பாதுகாப்புப் பயிற்சியுடனும், குன்னூர் எஞ்சின் ஷெட்டுக்கும் பொன்மலைக்கும் கற்பிப்போராகத் திரும்பி வர ஒரு விதி எழுதினால் போதும். அதற்கு நாடாளுமன்றச் சட்டம் தேவையில்லை. ரயில்வே வாரியத்தின் ஒரு சுற்றறிக்கையே போதுமானது. அவர்களிடம் உள்ளதைத் தமிழில் எழுதியும் ஒளிப்பதிவு செய்தும் வைக்கும் பணியைத் தமிழகத்தின் தொழில்நுட்பக் கல்லூரிகள் அந்தச் சுற்றறிக்கைக்குக் காத்திராமல் இன்றே தொடங்கலாம்.